ராமானுஜன் உயிரைப் பறித்தது டிபியா, கல்லீரல் நோயா? ஈரோட்டில் பிறந்த மேதையின் கடைசி 3 ஆண்டுகள்

1729. ராமானுஜன் என்றதும் நினைவுக்கு வரும் எண். பேராசிரியர் ஹார்டி வந்த டாக்ஸியின் நம்பர் அது. அதில் சுவாரஸ்யம் ஒன்றும் இல்லை என்று ஹார்டி சொல்ல, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய ஆகச் சிறிய எண்ணே அதுதான் என்று ராமானுஜன் சட்டென்று பதில் சொன்னார். ஸ்கூல் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை.

ஆனால் அது எங்கே நடந்தது என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. வகுப்பறையில் இல்லை. லண்டனில் புட்னி என்ற பகுதியில் இருந்த ஒரு நர்சிங் ஹோமில். ஹார்டி அன்று போனது கணக்குப் பேச இல்லை, உடம்பு முடியாமல் படுத்திருந்தவரைப் பார்க்க.

அன்னூரில் நான் படித்த ஸ்கூலில் கணக்கு வகுப்புச் சுவரில் ராமானுஜன் படம் மாட்டியிருப்பார்கள். கீழே பிறந்த வருஷம் 1887, இறந்த வருஷம் 1920. இறந்தபோது அவருக்கு 32 வயசுதான். அவ்வளவு சீக்கிரம் ஏன் போனார் என்று கேட்டால், டிபி என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். பல புத்தகங்களிலும் அதுதான் இருக்கிறது.

அது தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறது பின்னாளில் வந்த மருத்துவ ஆய்வு. அவரைச் சாய்த்தது நுரையீரல் நோய் இல்லை, கல்லீரல் நோய். அதுவும், அந்தக் காலத்திலேயே மருந்து இருந்த நோய்.

அது என்ன நோய்? எப்படித் தப்பிப் போனது? இன்று நாம் மஞ்சக்காமாலை என்று பயப்படும் வைரஸ் ஹெபடைடிஸுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? ராமானுஜனின் வாழ்க்கையோடு சேர்த்தே பார்ப்போம்.

ஈரோட்டில் பிறப்பு, கும்பகோணத்தில் வளர்ப்பு

1887 டிசம்பர் 22. ஈரோட்டில் அம்மா கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டில் ராமானுஜன் பிறந்தார். அம்மாவின் அப்பாவுக்கு ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனா வேலை. அப்போது ஈரோடு, கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் நம்ம கோவைக்காரர்.

அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். குடும்பம் சாரங்கபாணி சன்னதி தெருவில் வசித்தது. வசதி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் குழந்தைகள் பிழைப்பதே பெரிய விஷயம். ராமானுஜனுக்கு 2 வயசு ஆனபோது, 1889-ல், பெரியம்மை வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஆயிரக்கணக்கான பேரைக் கொண்டுபோன அம்மை அது. அவர் தப்பித்தார். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயசுகூட முடியாமல் இறந்துபோயின.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தபோதே கணக்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1903-ல் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதச் சுருக்கப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், விளக்கம் குறைவு. மற்றவர்கள் மூடி வைத்துவிடுவார்கள். இவர் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். விளைவு, மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த ஸ்காலர்ஷிப் போனது.

கவனிக்காமல் போன முதல் க்ளூ

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கொஞ்ச நாளிலேயே கடும் சீதபேதி. ஊருக்குத் திரும்பி மாதக்கணக்கில் படுத்துவிட்டார். 1907-ல் எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி.

இந்த சீதபேதியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து போவதற்கு முன் அவருக்கு இரண்டு முறை சீதபேதி வந்திருக்கிறது. அன்றைய சென்னையில் யாருக்குத்தான் வரவில்லை? வரும், நாலு நாள் படுத்துவார்கள், கஞ்சி குடிப்பார்கள், எழுந்து வேலைக்குப் போவார்கள். ராமானுஜனும் எழுந்தார். வயிறு சரியானதும் நோயும் போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

1909 ஜூலையில் ஜானகியோடு திருமணம். ஜானகிக்கு அப்போது சுமார் 10 வயசு. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ராமானுஜனுக்கு விரைவீக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. வீட்டில் காசு இல்லை. ஒரு டாக்டர் இலவசமாகச் செய்து கொடுத்தார். இதுவும் முக்கியம், பின்னால் வரும்.

அதே காலத்தில் மறுபடியும் உடம்பு மோசமானது. பிழைப்போமா என்ற சந்தேகத்தில், தான் எழுதிய நோட்டுப் புத்தகங்களை நண்பர் ராதாகிருஷ்ண ஐயரிடம் கொடுத்துவிட்டார். தனக்கு ஏதாவது ஆனால் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரியின் ராஸ் என்ற பேராசிரியரிடமோ சேர்த்துவிடச் சொன்னார். உடம்பு தேறியதும் நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

30 ரூபாய் குமாஸ்தா, கேம்பிரிட்ஜ் கடிதம்

அதற்கப்புறம் நடந்தது பெரும்பாலும் தெரிந்த கதை என்பதால் வேகமாகப் போய்விடலாம். 1912 மார்ச் 1-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம், கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். முதலில் சந்தேகப்பட்ட ஹார்டி, நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு இது மேதையின் கை என்று முடிவுக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது.

1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பல் ஏறினார். ஏப்ரலில் லண்டன். ஆகஸ்ட்டில் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது.

சுத்த சைவம். தானே சமைத்துச் சாப்பிடுவார். போர்க்காலத்தில் காய்கறியும் பழமும் கிடைப்பது கஷ்டம். இரவெல்லாம் வேலை, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு, எலும்பைத் துளைக்கும் குளிர். ஹாஸ்டல் ரூமில் தனியாகக் கிடந்து வேலை பார்த்தவர்களுக்கு இந்த வாழ்க்கை கொஞ்சமாவது புரியும். இதற்கு நடுவில்தான் எண் பிரிவினை பற்றி ஹார்டியோடு சேர்ந்து செய்த பெரிய வேலை உட்பட உலகத்தரமான கட்டுரைகள் வந்தன. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டமும் கிடைத்தது.

ஒரு நோயாளி, நாலு நோய்ப் பெயர்கள்

1917 வசந்த காலத்தில் படுத்தவர்தான். முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு நர்சிங் ஹோம். பிறகு மெண்டிப் ஹில்ஸ் சானடோரியம், அப்புறம் டெர்பிஷயரில் மேட்லாக், லண்டனில் ஃபிட்ஸ்ராய் ஹவுஸ், கடைசியில் புட்னி. இரண்டு வருஷம் படுக்கை மாற்றிப் படுக்கை.

ராத்திரியில் காய்ச்சல் ஏறும், இறங்கும், சில நாள் காணாமல் போகும், மறுபடி வரும். வயிற்று வலி. எடை குறைந்துகொண்டே போனது.

டாக்டர்கள் என்ன சொன்னார்கள்?

முதலில், இரைப்பைப் புண். அது ஒத்துவரவில்லை.

அடுத்து டிபி. அந்தக் காலத்தில் மெலிந்த இளைஞனுக்கு விடாத காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வரும் நோய் அதுதான். அதனால்தான் சானடோரியம். குளிர் காற்றுதான் அங்கே சிகிச்சை. சூடான ரசத்துக்கு ஏங்கிய மனிதர் திறந்த ஜன்னல் ஓரத்தில் படுத்துக் கிடந்தார்.

பிறகு பேட்டி ஷா என்ற டாக்டருக்கு, மற்றவர்கள் கவனிக்காத ஒரு தகவல் கிடைத்தது: இந்தியாவில் நடந்த அந்த விரைவீக்க ஆபரேஷன். உண்மையில் அது புற்றுநோய்க் கட்டியாக இருந்திருக்கும், இப்போது கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று அவர் சந்தேகப்பட்டார். மாதங்கள் கடந்தும் நோயாளியின் நிலை மோசமாகவில்லை என்பதால் அந்தச் சந்தேகத்தை அவரே கைவிட்டார்.

கடைசியாக, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஏதோ ரத்த விஷம் என்றும் ஒரு கருத்து வந்தது.

கவனித்தீர்களா? ஒரு டாக்டர் கல்லீரல் வரை வந்துவிட்டார். நோயாளியின் பழைய கதையையும் தோண்டினார். ஆனால் கையில் எடுத்தது ஆபரேஷனை, சீதபேதியை இல்லை.

இந்த வலிக்கு நடுவில் மனசும் உடைந்தது. 1918 தொடக்கத்தில் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் அளவுக்குப் போய், காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு மே 2-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார். 1841-ல் அர்தசீர் குர்செட்ஜிக்குப் பிறகு அந்த இடத்துக்குப் போன இரண்டாவது இந்தியர் இவர்தான். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். அது எந்த இந்தியருக்கும் அதுவரை கிடைக்காத பதவி. இதெல்லாமே நோயாளியாக இருந்த காலத்தில் வந்தவை.

கொடுமுடியில் காவிரிக் கரையில்

1919 பிப்ரவரியில் கப்பல் ஏறி, மார்ச் 27-ல் பம்பாய் வந்து சேர்ந்தார். ஊர் திரும்பும் முன்பே சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்ட் உதவித்தொகை அறிவித்திருந்தது. தன் குடும்பச் செலவு போக மிச்சத்தை ஏழை மாணவர்கள் படிப்புக்குப் பயன்படுத்தச் சொல்லி அவர் பதில் எழுதினார். படுக்கையில் கிடந்தபோது எழுதிய கடிதம் அது.

சென்னை வெயில் தாங்காது என்று குடும்பம் அவரை கொடுமுடிக்குக் கூட்டி வந்தது. மகுடேஸ்வரர் கோயில், காவிரி, காற்று. ஈரோட்டில் பிறந்தவர் முப்பது வருஷம் கழித்து, உலகப் புகழோடும் உடைந்த உடம்போடும் அதே வட்டாரத்துக்கு வந்து படுத்தார். இன்று கொடுமுடிக்குப் பரிகாரத்துக்குப் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

செப்டம்பரில் கும்பகோணம் போனார்கள். டிபி நிபுணரான சந்திரசேகர ஐயர் என்ற சென்னை டாக்டர் பார்த்தார். அவரும் டிபி என்றே முடிவு செய்தார். இங்கிலாந்திலிருந்து கூடவே வந்த அந்தப் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

1920 ஜனவரியில் மறுபடியும் சென்னை. 12-ம் தேதி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். அதில் மாக் தீட்டா சார்புகள் என்ற புத்தம்புது கண்டுபிடிப்பு. வலி வரும்போது ஜானகி பக்கத்தில் இருந்து கவனிப்பார். வலி குறைந்தால் காகிதம் கேட்பார். சாவதற்குச் சில நாள் முன்பு வரை எழுதினார்.

1920 ஏப்ரல் 26. சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. ஜானகிக்கு அப்போது சுமார் 21 வயசு.

1994: பழைய குறிப்புகளைத் திறந்த ஆய்வாளர்

74 வருஷம் கழித்து டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர், ராமானுஜனின் நோய் பற்றிக் கிடைத்த கடிதங்கள், டாக்டர்களின் கருத்துகள், அறிகுறிகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் 1994-ல் அந்தக் கட்டுரை வந்தது.

அவருடைய முடிவு: விட்டு விட்டு வந்த காய்ச்சலும், கல்லீரல் தொடர்பான அறிகுறிகளும், திரும்பத் திரும்பப் படுத்த விதமும் டிபியோடு பொருந்தவில்லை. இரண்டு முறை வந்த சீதபேதியையும் சேர்த்துப் பார்த்தால் பொருந்துவது ஒன்றுதான்: கல்லீரல் அமீபா நோய். அன்றைய சென்னையில் பரவலாக இருந்த நோய் அது.

பிரேதப் பரிசோதனை நடக்காததால் இதை நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்ல முடியாது. கடுமையான வைட்டமின் குறைபாடு என்ற கருத்தும் உண்டு. ஆனால் இருக்கிற தடயங்களை வைத்துப் பார்த்தால் அமீபா வாதம்தான் வலுவானது.

குடலில் இருந்தது கல்லீரலுக்கு எப்படிப் போகும்?

இங்கேதான் கொஞ்சம் உடம்பு பற்றித் தெரிய வேண்டும்.

கல்லீரல் வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. சுமார் ஒன்றரை கிலோ எடை. இதற்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நேராகக் குடலில் இருந்து வருவது. சாப்பிட்டதிலிருந்து உறிஞ்சிய சத்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். செக்போஸ்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடலில் இருந்து கிளம்பும் எல்லா வண்டியும் அங்கே நின்றுதான் போகணும்.

சத்து போகிற அதே ரோட்டில் கிருமியும் போகும்.

கெட்ட தண்ணீர் அல்லது உணவு வழியாக அமீபா, கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் முட்டை போன்ற வடிவத்தில் வயிற்றுக்குள் போகிறது. குடலில் அந்த ஓடு உடைந்து அமீபா வெளியே வருகிறது. பெருங்குடல் சுவரை அரித்தால் சீதபேதி. சுவரைத் துளைத்து ரத்தக்குழாயில் ஏறிவிட்டால் அடுத்த ஸ்டாப் கல்லீரல்தான். அங்கே செல்களைக் கரைத்துச் சீழ்க்கட்டி போன்ற குழியை உண்டாக்கும். பெரும்பாலும் கல்லீரலின் வலது பகுதியில்.

சிக்கல் என்னவென்றால், கல்லீரல் பாதிக்கும் சமயத்தில் பல பேருக்குப் பேதியே இருக்காது. சீதபேதி வந்து போய் மாதங்கள், சில சமயம் வருஷங்கள்கூட ஆகியிருக்கும். மலத்தைப் பரிசோதித்தாலும் கிருமி தெரியாமல் போகலாம். கண் மஞ்சளாவதும் இந்த நோயில் குறைவு. மிஞ்சுவது காய்ச்சல், வலது பக்க வலி, எடை குறைவு. வயசு வந்த ஆண்களுக்கே இது அதிகம் வருகிறது.

கல்லீரலுக்கு உள்ளே வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் உறை இழுபட்டால்தான் வலி தெரியும். அதனால்தான் கல்லீரலை அமைதியான உறுப்பு என்பார்கள். அது சத்தம் போடும்போது விஷயம் கைமீறிப் போய்க்கொண்டிருக்கும்.

வைரஸ் வந்தால் என்ன நடக்கும்?

ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி, அவ்வளவுதான். காரணம் அமீபாவாக இருக்கலாம், மதுவாக இருக்கலாம், மாத்திரையாக இருக்கலாம். உலகம் முழுக்க அதிகம் பேரைத் தாக்குவது வைரஸ். ராமானுஜன் காலத்தில் இந்த வைரஸ்கள் எதையும் யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் தெரிய வந்தது 1960-களில், ஏ 1973-ல், சி 1989-ல்.

அமீபா, செல்லைக் கரைத்துத் தின்னும். வைரஸின் வழி வேறு. கல்லீரல் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லையே தன்னை நகலெடுக்கும் ஜெராக்ஸ் கடையாக்கிவிடும். பெரும்பாலும் செல்லைக் கொல்வது வைரஸ் இல்லை. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு அழிக்கும் நம் உடம்பின் எதிர்ப்புப் படைதான். திருடனைப் பிடிக்க வீட்டையே இடிக்கிற மாதிரி.

செல் உடையும்போது உள்ளே இருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசியும். ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி அளவு எகிறுவது இதனால்தான். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளைக் கல்லீரலால் வெளியேற்ற முடியாமல் போகும். அது கண்ணிலும் தோலிலும் தேங்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும். நாம் மஞ்சக்காமாலை என்பது இதைத்தான். அது நோயின் பெயர் இல்லை, அறிகுறி.

ஏ, இ வகைகள் அமீபா வருகிற அதே வழியில், தண்ணீரிலும் உணவிலும் வருகின்றன. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்ணுக்கு இ வகை உயிருக்கே ஆபத்து.

பி, சி வகைகள் ரத்தம் வழியாகப் பரவுகின்றன. சுத்தம் செய்யாத ஊசி, டாட்டூ ஊசி, அடுத்தவர் பிளேடு, பரிசோதிக்காத ரத்தம் எல்லாமே ஆபத்து. பி வகை, உடலுறவு வழியாகவும் பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். இவை இரண்டும் உடம்பில் தங்கிவிடக்கூடியவை. வருஷக்கணக்கில் அழற்சி, பிறகு தழும்பு, தழும்பு கூடிக் கல்லீரல் சுருங்குவது, சிலருக்குப் புற்றுநோய். இருபது வருஷம்கூட ஒரு அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவில் 2022 நிலவரத்தில் சுமார் 2.98 கோடி பேர் ஹெபடைடிஸ் பி-யோடும், 55 லட்சம் பேர் சி-யோடும் வாழ்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது.

அன்றைக்கே மருந்து இருந்ததா?

இருந்தது. இந்தக் கதையில் மனசைப் பிசைவது இதுதான்.

1912-ல், ராமானுஜன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அதே வருஷம், கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் என்ற டாக்டர் எமெட்டின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு அமீபா சீதபேதியைக் குணப்படுத்திக் காட்டினார். ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கும் மருந்து அது. போரில் அமீபா நோய் தொற்றிய பிரிட்டிஷ் வீரர்களை ராமானுஜன் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பிய காலத்தில் டாக்டர்கள் குணமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதாவது, மருந்து இருந்தது. நோயாளி இருந்தார். இரண்டையும் சேர்க்க வேண்டிய நோயின் பெயர் மட்டும் வரவில்லை.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஸ்கேன் கிடையாது. அமீபாவுக்கான ரத்த டெஸ்ட் கிடையாது. கல்லீரலில் பெரிய கட்டி கண்ணுக்குத் தெரிந்தால்தான் அமீபாவை நினைப்பார்கள். அதற்கு முந்தைய நிலையைக் கண்டுபிடிப்பது அன்றைய மருத்துவத்துக்குக் கடினம். இப்போது என்றால் ஒரு அல்ட்ராசவுண்டும் ஒரு ரத்தப் பரிசோதனையும் போதும். மெட்ரோனிடசோல் மாத்திரையிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். பிறகு குடலில் மிச்சமிருக்கும் கிருமிக்குத் தனி மருந்து தருவார்கள்.

சரி, நமக்கு இதில் என்ன இருக்கு?

நம்ம அன்னூர் பக்கம் யாருக்காவது கண் மஞ்சளாக இருந்தால் முதல் யோசனை கீழாநெல்லியும் மோரும்தான். கீழாநெல்லிக்கு ஆராய்ச்சி வரலாறும் உண்டு. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி-க்கு அதைக் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் பங்கு பெற்றவர். ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

மஞ்சள் தானாக இறங்குவது ஏ, இ வகைகளில் இயல்பாக நடப்பது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்தது என்று நினைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது பி அல்லது சி என்றால் மஞ்சள் போனாலும் வைரஸ் போகாது. 1906-ல் ராமானுஜனுக்குப் பேதி நின்ற பிறகும் கிருமி நின்றுவிடவில்லை என்பதும் இதே கதைதான். அதனால் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் விடக் கூடாது.

சுருக்கமாகச் சில விஷயங்கள்:

ஒன்று, விடாத காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, காரணம் இல்லாமல் எடை குறைவு இருந்தால் டாக்டரிடம் பழைய கதையையும் சொல்லுங்கள். போன வருஷம் வந்த சீதபேதி, வெளியூர்ப் பயணம், மில் ஹாஸ்டல் தண்ணீர், செய்துகொண்ட ஆபரேஷன், ஏற்றிய ரத்தம், குத்திய டாட்டூ எல்லாமே. அற்பம் என்று நீங்கள் நினைப்பதுதான் க்ளூவாக இருக்கும்.

இரண்டு, ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக 3 டோஸ். இந்தியா முழுக்கக் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்ந்தது 2011-ல்தான். இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பல பேருக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அம்மாவிடம் பழைய தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்று, ஒரு முறையாவது பி, சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சி வகைக்கு இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரை. 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கோவை அரசு மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் விசாரிக்கலாம்.

நான்கு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. அமீபாவுக்கும், ஏ, இ வைரஸ்களுக்கும் இதுவே முதல் தடுப்பு.

ராமானுஜன் கடைசி வருஷத்தில் எழுதிய பக்கங்கள் நூலகத்தில் கிடந்து, 1976-ல்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற கணித அறிஞர் கண்ணில் பட்டன. தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று உலகம் அதைக் கொண்டாடுகிறது. காய்ச்சலோடு எழுதிய பக்கங்களே இவ்வளவு தந்தன.

ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்தார். 1994 ஏப்ரலில், 90 வயசைத் தாண்டி, காலமானார். கணவருக்கு வந்தது டிபி இல்லை என்று சொன்ன அந்த ஆய்வு வெளியானதும் அதே 1994-ல்தான்.